அம்மாவை நாயகியாக்கி ஒரு மாயக்கதை விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லிடைக்குறிச்சியில், பல குடும்பங்கள் அடுத்தடுத்துச் சேர்ந்திருக்கும் ஒரு வளவு வீட்டின் மச்சில் உட்கார்ந்து நானும் என் மதினியும் சேர்ந்து செய்த கதை விளையாட்டின் பெயர் 'ஒரு ராத்திரித் தூக்கம்'. கைபேசியில் கதையைப் படித்துக்கொண்டே போய், அங்கங்கே வரும் வழிகளில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எழுதினேன், கணினி வேலையைப் பார்த்தேன். மதினி படம் வரைந்தார், நான் எழுதியதில் பாதியை அடித்தார். விளையாடிய பலர் தாங்களும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று கேள்விகள் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இந்தப் பக்கம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். ஒரு நாள் அந்திக் கருக்கலில் ஊரில் எல்லாருடைய தூக்கமும் காணாமல் போகிறது. மூன்றாம் நாள் ஊரே தள்ளாடுகிறது. தலையாரி சுவரில் முட்டிக்கொள்கிறார், பூசாரி பாதி மந்திரத்தில் நின்றுவிடுகிறார். முப்பிடாதி ஒருத்திதான் நிதானமாக நடமாடுகிறாள். ஒன்பது மாதப் பிள்ளைக்காரி, தூங்காமல் இருந்து பழகியவள். தொலைந்த தூக்கத்தைத் தேடிப் போக அவளை விட்டால் ஆள் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்படுகிறாள்.

அம்மா நாயகி என்றால் அடுப்படியைத் தாண்டி விளையாட என்ன இருக்கிறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அம்மாவைத் தெய்வம் என்று மேடையில் பேசுகிறவர்களே இதையும் கேட்கிறார்கள். தெய்வமாக்கிவிட்டால் விளையாட ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான். தெய்வம் தயங்காது, தோற்காது, எதிர் வீட்டில் போய்க் கைமாற்று கேட்காது. விளையாட்டு என்றால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்று கைநழுவ வேண்டும். அந்த வகையில் அம்மாவைப் போல வாய்த்த நாயகி வேறு யாரும் கிடையாது.

ஒரு சாதாரணக் காலையை நினைத்துப் பாருங்கள். பால் பொங்கப் போகிறது. பிள்ளை வாசற்படியை நோக்கித் தவழ்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றும் ஒரே நேரம், கை இரண்டு. வாள் வீசும் வீரனுக்கு இப்படி ஒரு நெருக்கடி வாழ்நாளில் ஒருமுறை வரும், அதற்கும் பின்னணி இசை போட்டுவிடுவார்கள். இவளுக்குத் தினமும் ஆறு மணிக்கு வருகிறது, இசை இல்லாமல்.

கதையை எங்கே தொடங்குவது? பிள்ளையை அரக்கன் தூக்கிக்கொண்டு போவதாக வைக்கலாமா?

வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். மாயக்கதைகளில் அம்மாவுக்குப் பெரும்பாலும் இரண்டே வேலை: முதல் பக்கத்தில் செத்துப்போவது, இல்லையென்றால் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடுவது. என் முதல் படியில் பொதிகை மலையிலிருந்து ஒரு பூதம் இறங்கி வந்து குழந்தையைக் கவர்ந்து செல்லும். மதினி அதைப் படித்துவிட்டு, "பிள்ளை கிடைத்த பிறகு இவளுக்கு என்ன வேண்டும் தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "உங்களுக்கு என்ன வேண்டும் மதினி?" என்று திருப்பிக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஒரு ராத்திரி. விடிய விடிய. யாரும் எழுப்பாமல்."

பூதத்தை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். "எனக்கு என்ன வேண்டியிருக்கிறது, நீங்கள் நன்றாக இருந்தால் போதும்" என்றுதான் முதலில் வரும். அதை எழுதாதீர்கள். அது பழக்கத்தில் வருகிற வாசகம். நாலாவது, ஐந்தாவது பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுங்கள். எங்கள் வளவில் கேட்டபோது கிடைத்தவை சில: கன்னியாகுமரியில் தனியாக நின்று கடல் பார்ப்பது. எழுதாமல் விட்ட பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. பன்னிரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் வீட்டு வாசலில் ஒரு வாய்த் தண்ணீர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மாயக்கதை இருக்கிறது.

அவளுக்கு என்ன சக்தி கொடுப்பது? மந்திரக்கோலா, வாளா?

எங்கள் விளையாட்டின் விதி முழுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பிள்ளை இடுப்பில் இருந்தால் ஒரு கைதான் மிச்சம்.

இந்த ஒரு விதியிலிருந்து எவ்வளவு கிளைக்கிறது என்று பாருங்கள். பிள்ளையோடு மரம் ஏற முடியாது, துடுப்புப் போட முடியாது, கிணற்றில் நீர் இறைக்க முடியாது. ஆனால் பிள்ளை இருந்தால்தான் சில கதவுகள் திறக்கும். ராத்திரியில் தனியாக வருகிற பெண்ணைக் கேள்வி கேட்கும் காவல்காரன், கைக்குழந்தைக்காரியைத் திண்ணையில் உட்காரச் சொல்லுவான். மண்டபத்தில் இருக்கும் பேய் பெரியவர்களிடம் வாய் திறக்காது, குழந்தையிடம் மட்டும் பேசும். குழந்தைக்குப் பேச்சு வராதே என்பீர்கள். மழலைக்கு அர்த்தம் சொல்ல அம்மாவால் முடியும். அதுதான் அவளுடைய மொழிபெயர்ப்பு வித்தை.

இரண்டாவது விதி நேரம். கதை ஓர் இரவில் நடக்கிறது. ஓர் இரவு நான்கு ஜாமம், முப்பது நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம். நடந்தால் இரண்டு நாழிகை, பால் கொடுத்தால் ஒரு நாழிகை, வழியில் பார்த்தவர்களிடம் ஊர்ப்பேச்சுப் பேசினால் அதுவும் ஒரு நாழிகை. பேசாமல் வந்தால் நாழிகை மிச்சம், ஆனால் மூன்றாம் ஜாமத்தில் உதவிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். மணியும் நிமிடமுமாக எழுதி வைத்திருந்தவரை விளையாட்டு பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. நாழிகைக்கு மாற்றியதும் கதையாகிவிட்டது.

மூன்றாவதாக ஒன்று வேண்டாம் என்று மதினி தடுத்துவிட்டார். தாலாட்டை மந்திரமாக்க நினைத்திருந்தேன். "தாலாட்டுப் பாடி என் பிள்ளை எந்த நாள் தூங்கியிருக்கிறது?" என்றார்.

இந்த விளையாட்டை முதலில் யாரிடம் கொடுத்துச் சோதிப்பது?

அம்மாக்களிடம். விளையாட்டுப் பழக்கம் இருப்பவர்களிடம் பிறகு போகலாம்.

நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஒரே ஒரு மாலையில். மதினி பீடி சுற்றுகிறவர். பட்டாசலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் சுளகு (முறம்), சுளகில் அளவாக வெட்டிய இலையும் தூளும். ஈர இலையை விரலில் ஏந்தி, தூளைக் கிள்ளிப் பரப்பி, உருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டுகிறார். எதையும் கண் பார்ப்பதில்லை. கண் என் கைபேசித் திரையில் இருந்தது. பின்னால் சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, அதன் கயிறு அவருடைய கால் கட்டைவிரலில். கை இரண்டும் வேலையில் இருந்ததால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் திரையைத் தொட்டேன்.

முதல் கண்டுபிடிப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. இந்த விளையாட்டை விளையாட வேண்டியவர்களுக்குக் கை ஓய்வில்லை. அதனால் ஓடும் கடிகாரத்தை எடுத்துவிட்டேன். நாழிகை கதைக்குள் மட்டும் குறையும், வாசிப்பவர் அரை மணி நேரம் எழுந்து போனாலும் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு பக்கமும் தானாகச் சேமித்துக்கொள்ளும். பொத்தான்கள் பெரிதாக, ஒற்றைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே இருக்கும்.

இரண்டாவது இன்னும் பெரிது. ஆற்றங்கரைக் காட்சியில் ஒரு தேர்வு வைத்திருந்தேன்: 'பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு ஓடத்தை அவிழ்.' மதினி கை நின்றது. "எங்கே இறக்குவது? தரை ஈரமாகக் கிடக்கிறதே. படித்துறையில் இறக்கினால் தண்ணீருக்குள் போய்விடாதா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "யாரிடம் கொடுப்பது என்று சொல். அதற்குப் பிறகு அவிழ்க்கிறேன்."

விளையாட்டின் பாதியை அதற்குப் பிறகு திரும்ப எழுதினேன். இப்போது பிள்ளையை நினைத்த இடத்தில் இறக்க முடியாது. உலர்ந்த இடம் வேண்டும், அல்லது நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். மற்ற விளையாட்டுகளில் நாயகனோடு வில்லாளி, வைத்தியன், திருடன் என்று ஒரு கூட்டம் போகும். முப்பிடாதிக்கு வளவுதான் கூட்டம். எதிர் வீட்டு ஆச்சி பிள்ளையை வைத்துக்கொள்வார், ஆனால் வெற்றிலை இடித்துக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மதினியிடம் போன மாதம் உழக்கு எண்ணெய் வாங்கித் திருப்பவில்லை. அதனால் அவரிடம் கேட்க வாய் வராது. மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் கொடுக்கலாம், அவள் மறுக்க மாட்டாள். ஆனால் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் அவளுடைய பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் மூடிக்கொள்ளும். இதை விளையாட்டு எங்கேயும் சொல்லாது. பத்தாவது முறை கொடுத்தவர்கள் முடிவில் தெரிந்துகொள்வார்கள்.

அப்பா எங்கே?

சென்னையில் ஒரு கடையில் வேலை. இரண்டாம் ஜாமத்தில் போன் செய்து "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். எடுத்தால் ஒரு நாழிகை போகும். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார்.

வில்லன் வேண்டாமா?

வேண்டும். ஆனால் கோரைப்பல்லும் கொம்பும் வைத்து ஒருவரை எங்கிருந்தோ இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. தேரிக்காட்டுப் பக்கம் போய்விட்டு வந்தால் போதும். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் செம்மண் மணல்மேடாகக் கிடக்கும் அந்தப் பூமியில் பனை மட்டும்தான் நிமிர்ந்து நிற்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். அந்தப் பதநீரை விடிலி என்ற காய்ச்சும் குடிசையில் பெரிய பாத்திரத்தில் காய்ச்சிக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஏறுவது ஆண்கள், காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். புகையில் கண் சிவந்துபோய் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியைப் பார்த்தபோதுதான் வில்லி கிடைத்தாள்.

எங்கள் கதையில் அவள் தூக்கத்தைக் காய்ச்சுகிறாள். கருக்கலில் ஊருக்கு வந்து ஒவ்வொருவர் தலைமாட்டிலும் கலயம் கட்டுகிறாள். சொட்டுச் சொட்டாக இறங்கும் தூக்கத்தை விடிலிக்குக் கொண்டுபோய்க் காய்ச்சிக் கட்டியாக்குகிறாள். சுண்ணாம்பு தடவ மறந்த கலயத்தில் தூக்கம் புளித்துக் கெட்ட கனவாகிவிடும். அந்தக் கலயங்கள் உடைகிற காட்சிதான் விளையாட்டில் பயங்கரமானது. அவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்பதைச் சொல்ல மாட்டேன். அவளுக்கும் ஒரு மகள் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொழிலைத் தெரிந்துகொண்டால் மாயம் தானாக வரும் என்பதுதான் என் அனுபவம். பதநீருக்குச் சுண்ணாம்பு ஏன் என்று தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கெட்ட கனவு எனக்குத் தோன்றியிருக்காது.

நெல்லைச் சீமையை எப்படி வரைபடமாக்குவது?

1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. கதைக்கு அந்தக் கோடுகள் வேண்டாம். மலை, காடு, வயல், கடல், தேரி என்று ஐந்திணையும் ஒரே சீமையில் கிடைக்கும்போது ஐந்து கட்டங்களாக வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. குறிஞ்சிக்கு ஒரு புலி, நெய்தலுக்கு ஒரு முத்து என்று எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பாடப்புத்தக அட்டை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு திணைதான் வைத்தோம்: ஆற்றங்கரை மருதமும் தேரியும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும்வரை தாமிரபரணிக்கு ஏறக்குறைய 128 கிலோமீட்டர். இடுப்பில் பிள்ளையோடு அதை ஓர் இரவில் நடக்க முடியாது. கரை நெடுகப் படித்துறையும் கல்மண்டபமும் இருக்கின்றன அல்லவா, அவற்றையே வாசல்களாக்கிவிட்டோம். கல்லிடைக்குறிச்சி மண்டபத்தில் தூணைச் சுற்றினால் சேரன்மகாதேவியில் வெளியே வரலாம். அங்கிருந்து குறுக்குத்துறை, பிறகு ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொரு தாண்டலுக்கும் மூன்று நாழிகை. குறுக்குத்துறையில் மட்டும் ஒரு சிக்கல் வைத்தோம். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, பெருவெள்ளத்தில் மூழ்கி, வெள்ளம் வடிந்தால் எழும். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் தூணைச் சுற்றினால் முப்பிடாதி தண்ணீருக்கு அடியில் போய் நிற்பாள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியாது. அதனால் அங்கே மூழ்குவதாக எழுதவில்லை. ஆறு அவளைத் திருப்பி அனுப்பிவிடும், நாழிகை மட்டும் போகும்.

ஓவிய நடை தேடுகிறவர்களுக்கு ஒன்று: ஆதிச்சநல்லூரில் 2004இல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒரு பெண், பக்கத்தில் மான், முதலை, வாயில் மீனோடு ஒரு பறவை எல்லாம் புடைப்பாக இருக்கின்றன. மதினி அதன் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "இவள் யாருடைய அம்மாவோ" என்றார். எங்கள் பாத்திரங்களின் கை கால் அப்படி மெலிந்து நீண்டிருப்பதற்குக் காரணம் அந்த ஓடு.

இசக்கி, சுடலைமாடன் போன்ற தெய்வங்களைக் கதாபாத்திரமாக்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். இவை பழங்கதைப் பெயர்கள் இல்லை. இன்றைக்கும் கொடை விழா நடக்கிறது, ஆட்கள் சாமியாடுகிறார்கள், பிள்ளை வேண்டி இசக்கி கோயிலில் தொட்டில் கட்டுகிறார்கள். கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியை விட்டுவிட்டு இந்தச் சீமையில் அம்மா கதை எழுதுவது கஷ்டம்தான். இருந்தாலும் அவளுக்குச் சண்டைப் புள்ளி கொடுத்து, நாலு அடியில் வீழ்த்தும்படி வைத்தால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? அவளுடைய கதையும் ஊருக்கு ஊர் மாறும். ஒன்றைச் சரி என்று நீங்கள் எழுதினால் அடுத்த ஊரில் தவறாகிவிடும்.

நாங்கள் செய்தது: விளையாட்டில் ஓர் இசக்கி கோயில் உண்டு, இசக்கி வரமாட்டாள். முப்பிடாதி அங்கே தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு நாழிகை திரும்பக் கிடைக்கும். ஏன் என்று விளக்கம் இல்லை. பேய், பூதம், விடிலிக் கிழவி எல்லாம் எங்கள் கற்பனை. அவற்றை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

கிளைகள் பெருகிக்கொண்டே போகின்றன. எப்படிச் சமாளிப்பது?

பெருகும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி வைத்தால் பத்தாவது தேர்வில் 1024 கதைகளாகிவிடும். எழுதி முடிக்க ஆயுள் போதாது.

இதற்கு விடை ஆற்றிலேயே இருக்கிறது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிகிறது, வயலுக்குப் பாய்கிறது, மிஞ்சிய தண்ணீர் வடிந்து மறுபடி ஆற்றுக்கே வருகிறது. கதையையும் அப்படி விடுங்கள். பிரிந்துபோன வழிகள் மூன்று நான்கு பக்கத்துக்குள் பெரிய வழியில் வந்து சேரட்டும். ஆனால் வரும்போது எதையாவது கொண்டு வர வேண்டும். ஆச்சியிடம் பேசிவிட்டு வந்தவளும் பேசாமல் வந்தவளும் ஒரே மண்டபத்துக்குத்தான் வருவார்கள். ஒருத்தி மடியில் சுண்ணாம்பு டப்பா இருக்கும், இன்னொருத்தி மடியில் இருக்காது. விடிலியில் அது என்ன வேலை செய்யும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் விளையாட்டில் 140 பக்கங்கள். முடிவுகள் நான்கு.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எந்த மென்பொருள்?

ட்வைன். கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. இலவசம், திறமூலம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் [[படித்துறைக்குப் போ]] என்று எழுதினால் அந்தப் பெயரில் அடுத்த பக்கம் உருவாகிவிடும். தமிழிலேயே எழுதலாம். முடித்ததும் ஒரே ஒரு கோப்பாகக் கிடைக்கும். எந்த உலாவியிலும், எவ்வளவு மலிவான கைபேசியிலும் திறக்கும். நாழிகைக் கணக்குப் போன்றவற்றுக்கு மாறிகள் வேண்டும், அதாவது கதை போகப் போக மாறும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் பெயர்கள். நாங்கள் அதற்கு ட்வைனின் சுகர்கியூப் வடிவத்தை எடுத்துக்கொண்டோம். அதில் மாறியின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும்.

படங்களும் பாத்திரங்களின் முகபாவமும் முக்கியம் என்றால் ரென்பை. பைத்தான் மொழியில் இயங்குகிறது, ஆண்ட்ராய்டு செயலியாகவும் மாற்றலாம். பாத்திரம் நடந்து திரிய வேண்டும் என்றால் கோடோ. ஆனால் முதல் விளையாட்டுக்கே அதை எடுக்காதீர்கள். நடை பழகுவதிலேயே ஆறு மாதம் போய், கதை தூங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ட்வைனை உலாவிக்குள்ளேயே வைத்து எழுதினால் உங்கள் கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். கணினி மெதுவாக இருக்கிறது என்று நான் ஒரு நாள் உலாவியைச் 'சுத்தம்' செய்தேன். நாற்பது பக்கங்கள் போயின. தினமும் ஒரு பிரதியைக் கோப்பாக எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன, என்ன செய்வது?

'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் கணினி முதலில் 'க'வையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. காட்டும்போது இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும். ட்வைனில் இந்தப் பிரச்சினை இல்லை, உலாவி பார்த்துக்கொள்ளும். கோடோவில் 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்துதான் இது சரியாக நடக்கிறது. பழைய மூன்றாம் பதிப்புக்கான பாடங்களைப் பார்த்துத் தொடங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு போல விழும் அலங்காரம் பலருக்குப் பிடிக்கும். தமிழில் அப்படியே போட்டால் 'அம்மா' என்பது 'அ', 'அம', 'அம்', 'அம்ம', 'அம்மா' என்று விழும். நடுவில் வரும் 'அம' என்ன ஊர்ச் சொல்? முழு எழுத்தாகவோ முழுச் சொல்லாகவோ விழும்படி மாற்றுங்கள். எங்கள் விளையாட்டில் சொல் சொல்லாக விழுகிறது.

விடுகதைக்கு விடையைத் தட்டச்சு செய்யச் சொல்வதாக இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சரியான விடை எழுதியவரைப் பார்த்துப் பேய் "தவறு" என்று சிரித்துக்கொண்டிருந்தது எங்கள் முதல் பதிப்பில். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் ஒரே நெறிவடிவத்துக்கு, அதாவது சேமிக்கும் ஒரே முறைக்கு, மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளவற்றை எடுத்துக்கொண்டால் விளையாட்டோடு சேர்த்தே கொடுக்கலாம்.

உரையாடலை நெல்லைத் தமிழில் எழுதலாமா?

அளவோடு. கதை சொல்லும் குரலை எழுத்துத் தமிழில் வைத்தோம். பாத்திரங்கள் வாய் திறக்கும்போது சொற்களை மட்டும் விட்டுவைத்தோம்: சுளகு, வாரியல், அங்கணம், தார்சா, விடிலி. மகனை 'எய்யா' என்று கூப்பிடுகிற அம்மாவை 'மகனே' என்று கூப்பிட வைத்தால் அவள் அந்த நிமிடமே நாடக மேடைக்குப் போய்விடுகிறாள். ஆனால் ஒவ்வொரு வினைச்சொல்லையும் பேச்சில் உடைத்து எழுதினால் வேலூர்க்காரர் மூன்றாவது பக்கத்தில் மூடிவிடுவார்.

வில்லுப்பாட்டைப் பயன்படுத்தினீர்களாமே?

இசையாக இல்லை, அமைப்பாக. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதையைச் சொல்லும்போது பக்கப்பாட்டுக்காரர்கள் "ஆமாம்" போடுவார்கள். அந்த "ஆமாம்" இல்லாமல் கதை நகராது. விளையாட்டில் 'அடுத்து' என்ற பொத்தான் சலிப்பாக இருந்தது. அதை எடுத்துவிட்டு 'ஆமாம்' என்று வைத்தோம். அதோடு வாசிப்பவர் வில்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். சில இடங்களில் 'ஆமாம்' பக்கத்தில் 'அப்படியா?' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் கதைசொல்லி கொஞ்சம் தடுமாறி உண்மையைச் சொல்லிவிடுவார். காப்பு, அவையடக்கம், நாட்டுவளம் என்ற வரிசையையும் முதல் மூன்று பக்கங்களுக்கு எடுத்துக்கொண்டோம். நாட்டுவளத்தில் ஊர்க் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் சொல்லப்படுகிறது.

படம் வரையத் தெரியாது.

படம் இல்லாமலே செய்யலாம். மதினி ஆறு படம்தான் வரைந்தார், அதுவும் பீடிக்கட்டு சுற்றி வந்த தாளின் பின்பக்கத்தில், பேனாவால்.

அம்மா தோற்றால் சாகலாமா?

எங்கள் விளையாட்டில் சாவு இல்லை, விடியல்தான் இருக்கிறது. முப்பது நாழிகையும் தீர்ந்தால் விடிந்துவிடும். விடிந்தால் குழாயில் தண்ணீர் வரும், போய் நிற்க வேண்டும். சுற்றாமல் விட்ட பீடிக் கணக்கு நாளைக்கு ஏறும். மகளுக்குத் தலை பின்ன வேண்டும். இதையெல்லாம் நாலு வரியில் காட்டிவிட்டு மறுபடி கருக்கலில் கொண்டுபோய் விடும். போன ராத்திரி அவள் தெரிந்துகொண்டது மட்டும் கூட வரும். "செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது.

காசு வருமா?

இல்லை. விளையாட்டுகளை வெளியிட உதவும் இட்ச் போன்ற தளங்களில் விருப்பமுள்ளவர்கள் கொடுக்கலாம் என்று வைக்கலாம். எங்களுக்கு வந்தது இரண்டு வேளை அல்வாவுக்குச் சரியாக இருந்தது.

கடைசித் திரையில் ஒன்றுமே நடக்கவில்லையே, பிழையா?

பிழை இல்லை. தூக்கத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு முப்பிடாதி தன் பங்குக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு பாயில் சாய்கிறாள். திரை இருட்டாகிவிடும். பொத்தான் ஏதும் இருக்காது. திரையைத் தொட்டால் அவள் விழித்துக்கொள்வாள், "என்ன வேண்டும்?" என்று கேட்பாள். தொடாமல் விட்டால் தூங்குவாள். நடுவில் ஒரு தடவை பிள்ளை சிணுங்கும். அப்போதும் தொடாதீர்கள். நீங்கள் மகளின் புத்தகத்தை எத்தனை முறை மூடினீர்கள், எண்ணெயைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்பதைப் பொறுத்து யாராவது வந்து தூக்கிக்கொள்வார்கள், அல்லது யாரும் வரமாட்டார்கள்.

பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்துக்குள் தொட்டுவிடுகிறார்கள். மதினி அந்த இடத்துக்கு வந்ததும் கைபேசியைச் சுளகுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்ச இலையைச் சுற்றத் தொடங்கினார். கட்டுப் போட்டு எழுந்திருக்கும்போது மணி பதினொன்று. நான் எடுத்துப் பார்த்தேன். திரை இன்னும் இருட்டாகவே இருந்தது.